தரை டிக்கெட்காரன் எங்கே போவான்?

(கோவை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் சினிமாக் கொட்டகையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நோட்டீஸில் பார்த்தவுடனேயே சில தோழர்கள் சிரித்தார்கள். "இதுவும் ஒரு பிரச்னையா?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். கேட்டது நல்லதுதான். உழைக்கிறவனுக்கு வயிறு மட்டும்தான் உண்டா, கண்ணும் காதும் கிடையாதா என்று நான் அவரைத் திருப்பிக் கேட்டேன். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்றவனும், பகலெல்லாம் குனிந்து களை எடுத்தவளும் சாயங்காலம் ஒரு மூன்று மணி நேரம் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டால், அது ஆடம்பரமா?

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் மிச்சமிருந்த ஒரே கொட்டகையும் மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கல்யாண மண்டபம் ஆகப் போகிறது என்கிறார்கள், இல்லை, குடோன் என்கிறார்கள். அதில் வேலை செய்த எட்டுப் பேர் நம் சங்கத்துக்கு வந்து, "எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்டார்கள். அந்த எட்டுப் பேரோடு, அங்கே காசு கொடுத்து உட்கார்ந்த ஆயிரக்கணக்கான நமக்கும் என்ன வழி என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோவைக்காரர்களுக்கு அது பெருமையான கதை. 1905ம் வருஷம் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ஒரு ரயில்வே ஊழியர் இருந்தார். ஊமைப்படம் காட்டிக்கொண்டு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். அதே மனிதர் 1914ல் கோவையில் கட்டியதுதான் வெரைட்டி ஹால். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆயிற்று. அந்தத் தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். ராஜாக்களும் ஜமீன்தார்களும் கொண்டுவந்ததல்ல, தோழர்களே, சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓர் ஆள் தலையில் சுமந்து கொண்டுவந்ததுதான் நம் பக்கத்துச் சினிமாக் கொட்டகை!

அந்தக் கூடாரத்தின் வாரிசுகள்தான் நம்மில் வயதானவர்கள் எல்லாம் பார்த்த டூரிங் டாக்கீஸ்கள்.

மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள்

இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். மேலே கீற்று அல்லது கித்தான். சுற்றிலும் தட்டி. பகலில் வெளிச்சம் உள்ளே வரும், ஆகையால் பகல் ஆட்டம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் கூம்பு ஒலிபெருக்கியில் சாமி பாட்டுப் போடுவார்கள். மூன்று மைல் தள்ளி நாற்று நட்டுக்கொண்டிருப்பவள் காதில் அது விழும். "பாட்டுப் போட்டுட்டான்" என்று கை வேகமாகும். பாட்டு நின்றால் டிக்கெட் கொடுக்கிறான் என்று அர்த்தம். கஞ்சியைக் குடித்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியே கூட்டமாக நடப்பார்கள். கையில் கடிகாரம் இல்லாத ஜனங்களுக்கு அந்த ஒலிபெருக்கிதான் கடிகாரம்.

உள்ளே போனால் முன்னால் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. தரை என்றால் மணல். மணலைக் கையால் கூட்டிக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவான் ஒருவன். பின்னால் இருப்பவனுக்கு மறைக்கும். "ஏப்பா, மேட்டை இறக்கு!" என்பான். இவன் இறக்க மாட்டான். அவனும் ஒரு மேடு கட்டுவான். படம் பாதியாகும்போது தரை முழுக்கக் குன்றும் பள்ளமுமாக இருக்கும்! ஒரே ஒரு புரொஜக்டர்தான். சுருள் தீர்ந்தால் விளக்குப் போட்டுவிட்டு அடுத்த சுருளை மாட்ட வேண்டும். ஆகையால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை, நாலு இடைவேளை. ஒவ்வோர் இடைவேளையிலும் முறுக்குத் தட்டும் கடலையும் சோடாவும் ஜனங்களைத் தாண்டித் தாண்டிப் போகும். பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி, நடுவில் ஒரு தட்டி. தூங்கின பிள்ளையைத் தட்டிக்கு மேலாகத் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் படம் பார்த்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

மழை பெய்தால் படம் நிற்கும். மறுநாளைக்குப் பாஸ் கொடுத்தால் நல்ல முதலாளி. கொடுக்காவிட்டால் தகராறு. எங்கள் பக்கத்து விவசாயத் தொழிலாளிகள் முதன்முதலில் ஒன்றுகூடி ஒரு முதலாளியிடம் குரலை உயர்த்தியது வயலில் அல்ல, டூரிங் கொட்டகை வாசலில்தான் என்று ஒரு பெரியவர் என்னிடம் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கைதான். ஆனால் அதில் உண்மையும் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஈழத்து மார்க்சிய அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவைப் பற்றி 1981ல் எழுதியதில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலையை ரசித்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்றார். அங்கே இடத்தை நிர்ணயித்தது பிறப்பல்ல, கையிலிருந்த காசு. இதை யோசித்துப் பாருங்கள். கோயிலில் எல்லை உண்டு, தெருவில் எல்லை உண்டு, கிணற்றில் எல்லை உண்டு, டீக்கடையில் தனிக் கிளாஸ் உண்டு. கொட்டகையின் டிக்கெட் ஜன்னலில் மட்டும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எவ்வளவு காசு என்றுதான் கேட்டார்கள். சேரியிலிருந்து வரும் ஒரு பாட்டி, வயது எண்பதுக்கு மேல் இருக்கும், என்னிடம் சொன்னார்: "அங்க மட்டுந்தாங் கண்ணு, எந்திரிச்சுப் போன்னு எங்கள ஒருத்தரும் சொல்லல."

எல்லா ஊரிலும் அப்படியே இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டைகளின் கண்ணுக்கு முன்னால் பெஞ்சில் உட்காரப் பயந்து, காசு இருந்தும் தரையிலேயே உட்கார்ந்தவர்கள் உண்டு. சாதியை ஒழிக்க முதலாளி கொட்டகை கட்டவில்லை, கல்லாவை நிரப்பத்தான் கட்டினான். ஆனாலும் காசு என்பது சாதியைவிட ஒரு படி முன்னேறிய கொடுமை, தோழர்களே! அந்த ஒரு படியும் நம் ஜனங்களுக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

நாற்றமும் நெருப்பும்

பழைய கொட்டகையைச் சொர்க்கம் என்று சொல்லி ஏங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில விஷயங்களை நினைவூட்ட வேண்டும். டிக்கெட் வாங்கப் போகிறவனை இரண்டு சுவருக்கு நடுவே, ஆட்டுப் பட்டிபோல ஒரு குறுகிய சந்தில் விட்டு அடைப்பார்கள். கம்பிக்குள் கை நுழையும், உடம்பு நுழையாது. புதுப்படம் என்றால் தோள்மேல் ஏறி ஓடுவார்கள். போலீஸ் தடியடி உண்டு. நாற்காலிக்காரனுக்கு இந்தச் சந்து கிடையாது. கக்கூஸ் விஷயத்தைத் தாய்மார்கள்தான் சொல்ல வேண்டும். படம் முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் எத்தனை பேர்!

உயிரே போன சம்பவங்களும் உண்டு. 1979 ஜூலை 29ம் தேதி தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை தீப்பிடித்தது. கீற்றுக் கூரை. எழுபதுக்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். கூரை கீற்று என்பதால் வந்த வினை என்று சிலர் சொன்னார்கள். அப்படியானால் கட்டடம் கட்டிய டில்லி நகரத்தில் என்ன நடந்தது? 1997 ஜூன் 13ம் தேதி உப்ஹார் தியேட்டரில் டிரான்ஸ்பார்மரிலிருந்து எழுந்த தீயின் புகையில் 59 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பால்கனியில் வழியை அடைத்துக் கூடுதல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள் என்று கோர்ட்டு விசாரணையில் வெளியாயிற்று. நாலு நாற்காலி அதிகம் போட்டால் நாலு டிக்கெட் அதிகம் விற்கலாம். அந்தக் கணக்குக்கு ஜனங்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஆகையால் கொட்டகை திறக்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது, வழி விட்ட கொட்டகை, தண்ணீரும் கக்கூஸும் உள்ள கொட்டகை என்றுதான் கேட்கிறோம்.

உள்ளே இருந்த தொழிலாளியையும் நாம் பார்த்ததில்லை. திரையைப் பார்த்தோம், நம் தலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்த சிறிய ஓட்டையை யார் பார்த்தார்கள்? அந்த அறையில் கார்பன் குச்சிகள் இரண்டு எரியும். அந்தச் சுடரில்தான் படம் தெரியும். குச்சி தேயத் தேய நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு, புகை, ஜன்னல் இல்லாத அறை. கொஞ்சம் அசந்தால் திரை மங்கும். உடனே கீழேயிருந்து விசில். வசவு முழுவதும் ஆப்பரேட்டருக்கு. அந்த மனிதனுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஊரெல்லாம் கொண்டாடும் நாள்தான் அவனுக்குப் பெரிய வேலை நாள். 1981ல் சினிமாத் தொழிலாளர்களுக்கும் தியேட்டர் தொழிலாளர்களுக்கும் என்று மத்திய சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு தியேட்டரில் ஐந்து பேர் வேலை செய்தாலே பி.எஃப். சட்டம் பொருந்தும் என்று அதில் இருந்தது. எத்தனை முதலாளிகள் அதை நடத்தினார்கள் என்று நம் எட்டுப் பேரைக் கேட்டால் தெரியும். 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தத் தனிச் சட்டத்தையும் கரைத்துவிட்டார்கள். தொகுப்பில் பி.எஃபுக்குப் பொது வரம்பு இருபது பேர். எட்டுப் பேர் வேலை செய்யும் கொட்டகை எங்கே, இருபது எங்கே!

யார் பூட்டினார்கள்?

டெலிவிஷன் வந்தது, ஜனங்கள் வரவில்லை, கொட்டகை மூடிற்று என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். டெலிவிஷன் அடித்தது உண்மை. டூரிங் கொட்டகைகளில் பெரும்பாலானவை அதிலேயே போயின. ஆனால் அதற்குப் பிறகும் நிலைத்து நின்ற சிறிய கொட்டகைகளை அடித்தது யார்?

சுமார் 2010ஐ ஒட்டிய வருஷங்களில் படச் சுருள் போய் டிஜிட்டல் வந்தது. பெட்டி தூக்கும் செலவு போயிற்று, படம் கிராமத்துக்கும் முதல் நாளே வருகிறது என்றார்கள். அதுவும் உண்மையே. ஆனால் மிஷின் யார் கையில்? படத்தை அனுப்பும் வழி யார் கையில்? இரண்டு மூன்று கம்பெனிகளின் கையில். அவர்கள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் முதல் தேதியிலிருந்து தமிழ்ப் பட முதலாளிகளே புதுப்படம் வெளியிடாமல் ஸ்டிரைக் செய்தார்கள்! ஸ்டிரைக் தேசத் துரோகம் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் தங்கள் லாபத்தில் கை வைத்ததும் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் பாதிக்குமேல்தான் தீர்ந்தது. அந்த ஏழு வாரம் சின்னக் கொட்டகை ஊழியர்களின் அடுப்பைப் பற்றி ஒரு பத்திரிகையும் பெரிதாக எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை.

வரியைப் பாருங்கள். 2006லிருந்து தமிழில் பெயர் வைத்த படத்துக்கு நம் மாநிலத்தில் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு நூற்றுக்கு 18, அதற்குமேல் 28. அதன் தலைமேல் உள்ளாட்சி கேளிக்கை வரி வேறு. ஜூலை 3ம் தேதியிலிருந்து தமிழ்நாட்டுக் கொட்டகைகள் நாலு நாள் மூடிக் கிடந்தன. 2019 ஜனவரியில் மலிவு டிக்கெட்டின் வரி 12 ஆயிற்று. 2025 செப்டம்பர் 22ல்தான் 5 ஆகக் குறைந்தது. எட்டு வருஷம் கழுத்தை நெரித்துவிட்டு, மூச்சு நின்ற பிறகு கையை எடுத்தார்கள். நடுவில் கொரோனா. 2020 மார்ச்சில் மூடியது நவம்பர் 10ல் பாதி நாற்காலியோடு திறந்தது. 2021ல் மறுபடி நாலு மாதம் பூட்டு. மின்சாரக் கட்டணமும் லைசென்ஸும் வட்டியும் பாதியாகவில்லை.

அதே சமயத்தில் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? 2018ல் பிவிஆர் கம்பெனி சென்னையின் சத்யம் குழுமத்தை வாங்கிற்று. 2023ல் பிவிஆரும் ஐநாக்ஸும் ஒன்றாகி நாட்டிலேயே மிகப் பெரிய தியேட்டர் கம்பெனி ஆயின. மில் முதலாளிகள் சின்ன ஜின்னிங் பாக்டரிகளை விழுங்கியதை நாம் பார்க்கவில்லையா? அதே கதைதான். சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. நம் கொட்டகை முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. தொழிலாளிக்குச் சம்பளம் பாக்கி வைத்ததில் அவர் நல்லவரல்ல. ஆனால் நட்சத்திரப் படத்துக்கு முன்பணம் கட்டக் கடன் வாங்கி, அந்தக் கடனிலேயே மூழ்கினவர் அவர். அவரிடம் பாக்கியையும் வசூலிப்போம், அவரை மூழ்கடித்தவர்களையும் பெயர் சொல்லிப் பேசுவோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் கொட்டகை மூடும்போது டிக்கெட் 80 ரூபாய். புருஷன், பெஞ்சாதி, இரண்டு பிள்ளைகள்: 320 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். பல இடங்களில் முழுதாகக் கைக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். ஒரு நாள் கூலியில் ஒரு குடும்பம் படம் பார்க்க முடிந்தது. மல்டிபிளெக்ஸில் 2017 அக்டோபரில் சர்க்காரே உச்ச விலையை 120லிருந்து 150 ஆக்கிற்று. வரி சேர்ந்தால் 190 பக்கம் வரும். நாலு பேருக்கு 760. இரண்டு நாள் கூலி போதாது. பஸ் செலவைச் சேர்க்கவில்லை. இடைவேளையில் பிள்ளை சோளப்பொரி கேட்டால் அன்று வீட்டில் சண்டைதான்.

அங்கே நமக்குக் கிடைக்கும் மரியாதையும் இருக்கிறதே! வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கைப் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டர் முதலாளிக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தையின் ஆகாரத்தைத் தடுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை எந்த வாசலிலும் எழுதி மாட்டியிருப்பதை நான் பார்க்கவில்லை. தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேளுங்கள். அது பிச்சையல்ல.

"செல்போனிலேயே படம் வருகிறதே, கொட்டகை எதற்கு?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. செல்போனில் நீ தனியாகப் பார்க்கிறாய். தனியாகச் சிரிக்கிறாய். நானூறு பேர் ஒன்றாகச் சிரிக்கும்போது உள்ள பலம் வேறு. திரையில் பண்ணையார் அடி வாங்கும்போது தரையிலிருந்து எழுந்த கைதட்டலைப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நிஜப் பண்ணையாரும் கேட்டார், தோழர்களே!

"சினிமா ஜனங்களைக் கெடுக்கிறது, நாம் ஏன் ஆதரிக்க வேண்டும்?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். மசாலாக் குப்பைக்கு நான் வக்கீல் அல்ல. ஆனால் நல்ல படம் வந்தால் காட்ட நமக்கு இடம் இருந்ததா? 1960ல் 'பாதை தெரியுது பார்' என்று ஒரு படம் வந்தது. நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார், எம்.பி.சீனிவாசன் இசையமைத்தார். தொழிலாளி வர்க்கத்தின் படம். அது கொட்டகைகளில் நிலைத்து ஓடவில்லை. படம் எடுக்க நம்மால் முடிந்தது. காட்டும் இடம் பிறர் கையில் இருந்தது. கேரளத்தில் 1980களில் ஜான் ஆபிரகாமும் அவரது தோழர்களும் ஒடேசா என்ற குழு அமைத்து ஜனங்களிடம் காசு திரட்டி 'அம்மா அறியான்' எடுத்தார்கள். கொட்டகையை நம்பாமல் ஊர் ஊராகப் போய்க் காட்டினார்கள். அதே கேரளத்தில் 1975ல் தொடங்கிய சர்க்கார் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று சொந்தத் தியேட்டர்கள் நடத்துகிறது. சர்க்கார் நடத்தினால் வானம் இடிந்து விழவில்லை. நம் பக்கத்தில் 2014ல் சென்னை மாநகராட்சி மலிவுத் தியேட்டர் கட்டும் என்று அறிவித்தார்கள். அறிவிப்போடு சரி.

ஆகவே நம் கோரிக்கை இது. பூட்டின கொட்டகையை நகராட்சி குத்தகைக்கு எடுக்க வேண்டும். அந்த எட்டுத் தொழிலாளர்களையும் கூட்டுறவாக வைத்து நடத்த வேண்டும். முன்வரிசை டிக்கெட் 50 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பெண்களுக்குத் தனிக் கக்கூஸ், குடிதண்ணீர், நாலு பக்கமும் திறக்கும் கதவு. வாரத்தில் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு. சம்பளப் பாக்கியைக் கட்டடம் கை மாறும் முன்பே தீர்க்க வேண்டும்.

கையெழுத்துத் தாள் மேடைக்குப் பக்கத்தில் மேஜைமேல் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை 10 மணிக்கு நகராட்சி ஆபீஸ் வாசலில் கூடுகிறோம். இரவு ஷிப்டு முடிந்து வரும் தோழர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்துவிடலாம், டீயும் பன்னும் ஏற்பாடாகியிருக்கிறது. வயலில் வேலை உள்ள தாய்மார்கள் வீட்டுக்கு ஒருவராக வந்தால் போதும். ஆப்பரேட்டர் தோழரும் வருகிறார். முப்பது வருஷம் நம் தலைக்குப் பின்னால் நின்ற அவரை அன்றைக்காவது முன்னால் நிறுத்திப் பேசச் சொல்வோம்.